மீதி இரண்டு முடிச்சு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஓசூரில் நீயும் நிவேதாவும் பார்த்துவைத்த ஃப்ளாட்டுக்கு லோன் கிடைத்துவிட்டது என்பது முதலாவது. “இருபது வருஷ லோனும்மா. ஆனா எட்டு வருஷத்துல அடச்சிடுவோம். ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டோம். காரு கெடையாது, டூரு கெடையாது, கொழந்தகூட லோன் முடிஞ்சதுக்கு அப்பறம்தான். எல்லாம் ஒன்ன மாதிரிதாம்மா” என்றாய். குரலில் அவ்வளவு பெருமை. அதே மூச்சில் இரண்டாவதையும் கேட்டாய். “நாத்தனார் முடிச்சு யாரு போடறாங்கன்னு நிவேதாவோட அப்பா கேக்கறாரு. யார சொல்றது?” முதலாவதற்குச் சரிப்பா என்றேன். இரண்டாவதற்குப் பாத்துக்கலாம் என்றேன். உனக்கு அவை தனித்தனி விஷயங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. எதிர்ப்பக்கம் ஆள் காத்திருக்கிறார் என்று தெரிந்தாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தாலியில் முதல் முடிச்சை நீ போடுவாய். மீதி இரண்டையும் உன் கூடப் பிறந்தவள் நிவேதாவின் பின்னால் நின்று போட வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் சித்தப்பா மகளோ பெரியம்மா மகளோ போடலாம். உன் அப்பாவுக்கு அண்ணன் தம்பி இல்லை, எனக்கு அக்கா தங்கை இல்லை. அத்தை மகள்கள் முறைப்பெண்கள், அவர்கள் போடக் கூடாது. நீ ஒற்றைப் பிள்ளை. அது தானாக அமைந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருப்பாய். அப்படி இல்லை.

நாம் வீடு கட்டியபோது நீ மூன்றாம் வகுப்பு. எனக்கு இருபத்தேழு வயது. உன் அப்பாவுக்கு அரிசி ஆலையில் சம்பளம், எனக்குப் பதிவு அலுவலகத்தை ஒட்டிய பத்திரம் எழுதும் கடையில் தட்டச்சு வேலை. இரண்டு சம்பளத்தையும் பார்த்துத்தான் இருபது வருஷக் கடன் கொடுத்தார்கள். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் பத்திரத்தையெல்லாம் அடித்துக் கொடுக்கிற எனக்கு என் பத்திரம் இன்னோர் அலமாரியில் இருப்பது பொறுக்கவில்லை. இருபது வருஷத்தைப் பாதியாக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். உன் அப்பா, “ஒனக்கு இன்னா பைத்தியமா? எல்லாரும் கட்டற மாதிரி கட்டுவோம்” என்றார். ஒரு வாரம் பேசிப் பேசியே அவரை வழிக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு தினமும் அவர் இரண்டு ஷிப்டு பார்த்தார்.

நம் சிக்கனமெல்லாம் உனக்கு நினைவிருக்கும். தீபாவளிக்குப் பள்ளிச் சீருடையே புதுத்துணி. மூன்று பேருக்கும் ஒரே மின்விசிறி. மர அறுவை மில்லில் சிராய் வாங்கி அடுப்பெரித்து, கேஸ் சிலிண்டரை மூன்று மாதம் ஓட்டினேன். ஃபிரிட்ஜ் கிடையாது, டிவி கிடையாது. எனக்கு நூலகம் இருந்தது, காசு கேட்காத ஒரே பொழுதுபோக்கு. இதையெல்லாம் நான் இன்றைக்கும் தப்பென்று நினைக்கவில்லை. நீயும் செய். சிராய் அடுப்பால் யாரும் கெட்டுப்போகவில்லை. நான் சொல்ல வந்தது வேறு இரண்டு காரியங்கள்.

ஒன்று, முன்போர்ஷன். கூடமும் இரண்டு அறையும் உள்ள முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, சமையலறையும் ஓர் அறையும் மட்டும் உள்ள பின்பக்கத்தில் நாம் குடியேறினோம். வாடகை அப்படியே அசலுக்குப் போனது. கட்டிய வீட்டின் தலைவாசலை நாம் மிதிப்பதில்லை, பின்சந்து வழியாகத்தான் போக்குவரத்து. முன்போர்ஷனுக்கு வந்தவள் அலமேலு. கல்வராயன் மலைக்காரி. ஐந்து வயது மகள் சங்கீதாவைக் கீழே படிக்கவைக்க வேண்டும் என்று மாணவியர் விடுதியில் சமையல் வேலை தேடிக்கொண்டு வந்தவள். அவள் புருஷன் வெள்ளிமலைப் பக்கம் காட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். சனிக்கிழமை தோறும் ஒரு பை சாமையோடு வந்து இறங்குவார். மலைக்காரர்களுக்கு ஊரில் லேசில் வீடு கிடைக்காது. அது தெரிந்துதான் மற்றவர்களிடம் சொன்னதைவிட அவளிடம் இருநூறு ரூபாய் ஜாஸ்தி சொன்னேன். அவள் பேரம் பேசவில்லை. “சரிங்கக்கா” என்றாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டுக்காரி என்பதால் என்னை அக்கா என்றாள். நான் திருத்தவில்லை.

நான்காம் வகுப்பில் நீ ஒருநாள் பையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டாய், “ஏம்மா, சங்கீதா அம்மா நம்மள காலி பண்ணச் சொன்னா நாம எங்கம்மா போவோம்?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முன்பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள், பின்பக்கம் இருக்கிற நாம் குடித்தனக்காரர்கள் என்று நீயாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பள்ளியில் எல்லோரிடமும் ‘எங்க ஓனர் பொண்ணு’ என்று சங்கீதாவைக் காட்டியிருக்கிறாய். அவளும் தலையை ஆட்டியிருக்கிறாள், குட்டிக் கழுதை. அலமேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாடகைய எடுத்துக்கினு வாடா ஓனரம்மாகிட்ட” என்று உன்னைக் கூப்பிட்டாள். அப்புறம் வருஷக்கணக்கில் அதுவே உங்கள் விளையாட்டு. அவர்கள் கூடத்தில் டிவி ஓடும். நீ நடுக்கதவுப் படியில் உட்கார்ந்து பார்ப்பாய், உள்ளே போகக் கூடாது என்பது என் சட்டம். அந்தச் சின்னது கதவை ஒருச்சாய்த்து வைத்து, “அண்ணா, தெரிதா? சவுண்டு வைக்கட்டா?” என்று கேட்கும். நான் அடுப்படியில் புத்தகமும் கையுமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கெங்கோ இருந்த மனிதர்களின் துக்கங்களை வரி வரியாகப் படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் பத்து வருஷத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியதில்லை. நெருங்கிவிட்டால் வாடகை ஏற்ற வாய் வராது என்ற பயம்.

இரண்டாவது காரியத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை, எழுதிவிடுகிறேன். இன்னொரு குழந்தை வேண்டும் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் ஆசை இருந்தது. பெண்ணாக இருந்தால் நல்லது என்றும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் கேட்பார். “லோன் முடிஞ்சதும்” என்பேன். பிரசவச் செலவு, என் சம்பளம் நிற்கிற மாதங்கள், பால் பவுடர் என்று விரல் விட்டுச் சொல்வேன். நான்காவது வருஷத்துக்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். கடனைப் பதினோரு வருஷத்தில் முடித்தேன். ஒன்பது வருஷம் மிச்சம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. அந்த மாதமே உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு அந்தம்மா, “இவ்ளோ நாளு இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், “லோன் கட்டிக்கினு இருந்தோம் மேடம்.” அந்தம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை மூடினார். திரும்பி வரும்போது உன் அப்பா பைக்கை நிறுத்தி இரண்டு இளநீர் வாங்கினார். பதினோரு வருஷத்தில் அவர் யோசிக்காமல் செய்த முதல் செலவு அது. இருவரும் நின்றபடியே குடித்தோம். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

பத்திரம் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றியும் உனக்குத் தெரியாது. நீ அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். நமக்குக் கடன் முடிந்தது என்று கேள்விப்பட்டு அலமேலு சாமைப் பாயசம் வைத்து, சொம்போடு பின்பக்கம் வந்தாள். “நம்ம வூட்டுப் பத்திரம் வந்துடுச்சாமே! குடிங்கக்கா” என்றாள். நம்ம வூடு என்றாள். நான் பாயசத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “அலமேலு, அடுத்த மாசம் காலி பண்ணிக்க. நாங்க முன்னாடி வரணும்” என்றேன். “பொண்ணு பத்தாவதுக்கா. பரீட்ச முடியட்டுமே” என்றாள். “பதினோரு வருஷமா சந்து வழியா போயிக்கினு கீறோம். இன்னும் எவ்ளோ நாளு?” என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டிய உண்மை இல்லை. அவள் “சரிங்கக்கா” என்றாள். வந்த அன்று சொன்ன அதே சரிங்கக்கா. சொம்பைக்கூடத் திருப்பி வாங்காமல் போனாள். போகும்போது வெள்ளையடிப்புக்கென்று முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டு மலைக்கே போனாள். சங்கீதா அம்மா சமைத்த அதே விடுதியில் சேர்ந்து பரீட்சை எழுதினாள். உன்னிடம், “அவங்களே காலி பண்ணிக்கினாங்க” என்று சொன்னேன். அது பொய்.

கூடத்துக்கு வந்துவிட்டோம். ஆறு நாற்காலி வாங்கிப் போட்டேன். உட்கார ஆள் இல்லை. பதினோரு வருஷம் யாரையும் கூப்பிடாத வீட்டுக்குத் திடீரென்று யார் வருவார்கள்? நீ லீவில் வந்தாய். இரண்டு நாள் முன்னறையில் புரண்டுவிட்டு, மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனாய். “முன்னாடி தூக்கம் வரலம்மா” என்றாய். உன் அப்பா இன்றைக்கும் இரண்டு ஷிப்டு பார்க்கிறார். போதுமே என்றால், “வூட்ல உக்காந்து இன்னா பண்றது?” என்கிறார். நான் வேலை முடிந்து வந்து தலைவாசலைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலிகளைத் துடைத்துவிட்டு, சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சில நாட்கள் மாடிக்குப் போய் மேற்கே தெரிகிற மலையைப் பார்ப்பேன். அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. அவர்கள் போன இந்த ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட நான் அங்கே போகவில்லை.

கடையில் ஒவ்வொரு பத்திரத்தின் முடிவிலும் ஒரு வரி அடிப்பேன். வாங்குகிறவர் அந்தச் சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று. கை தானாக அடிக்கும், கண் பார்க்காது. போன திங்கட்கிழமை அந்த வரியில் கை நின்றுவிட்டது. முதலாளி, “இன்னாம்மா, மெஷினு மாட்டிக்கிச்சா?” என்றார். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன், சங்கீதாவைக் கூப்பிடலாம் என்று. அவர், “நீ போய்ட்டு வா. நான் மூஞ்சிய எங்க வச்சிக்கினு வர்றது?” என்றார். உன் பெரிய அத்தைக்கு எப்படியோ தெரிந்து போன் வந்தது. “ஊர்ல பொண்ணே கெடைக்கலன்னு மலைக்குப் போறியாமே? குடிக்கூலிக்கு இருந்தவ வந்து எங்க வூட்டு மருமவளுக்கு முடிச்சு போடறதா?” என்றார். “அவதாங்க அவன அண்ணான்னு கூப்ட்டவ. வேற யாரு கூப்ட்டாங்க, சொல்லுங்க” என்றேன். அத்தை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு வருவாரா தெரியாது. வராவிட்டால் அதற்கும் நானே பொறுப்பு.

வியாழக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை, ஒரு புடவை, அந்தப் பாயசச் சொம்பு. கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அலமேலு வாசலில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, “வாங்கக்கா, பஸ்ஸுல கூட்டமா?” என்றாள். நான், “அக்கான்னு கூப்டாத. ஆறு வயசு நீதான் பெரியவ” என்றேன். “அய்ய, இப்பதான் கணக்கு வந்துச்சா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை மன்னித்துவிட்டதாக நினைத்து, மனப்பாடம் செய்து போனதையெல்லாம் கொட்டினேன். பிடித்துக்கொண்ட முன்பணத்தையும், பத்து வருஷம் ஜாஸ்தி வாங்கிய இருநூறு இருநூறையும் ஒரு உறையில் வைத்து நீட்டினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “இத எடுத்து உள்ள வைங்க. நான் அத ஒரு நாளும் எண்ணல. எம்பொண்ணு பரீட்ச நேரத்துல பொட்டியத் தூக்கிக்கினு தெருத்தெருவா நடந்துச்சே, அத்த மட்டும்தான் நான் மறக்கல” என்றாள். நான் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவளே எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

முடிச்சு விஷயத்தைக் கேட்டேன். “அத அவகிட்டதான் கேக்கணும். நான் சொன்னா வர்ற பொண்ணு இல்ல அது” என்று சங்கீதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் இப்போது சேலத்தில் நர்சிங் கடைசி வருஷம். ஐந்து வருஷத்தில் குரல் முதிர்ந்துவிட்டது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, “அண்ணனுக்கு கல்யாணமா? சந்தோஷங்க” என்றாள். முன்பெல்லாம் என்னைப் பெரியம்மா என்பாள். இப்போது வெறும் ங்க. “முடிச்சு போடணும்னு அண்ணன் கேட்டாரா, நீங்க கேக்கறீங்களா?” என்றாள். “நான்தாம்மா கேக்கறேன்.” வார்டில் யாரோ கூப்பிடுவது கேட்டது. “அப்ப அண்ணன கேக்கச் சொல்லுங்க. அஞ்சு வருஷமா அவருகிட்ட எங்க நம்பர் இல்லன்னு வச்சிக்கலாம். அவரும் இதே சேலத்துலதான படிச்சாரு? விசாரிச்சா கெடச்சிருக்காதா?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர்களே போய்விட்டார்கள் என்று நான் சொன்ன பொய்யை நம்பி நீ விசாரிக்காமல் இருந்திருக்கலாம். அதை அவளுக்குச் சொல்லு. இல்லை, உனக்கும் விசாரிக்கத் தோன்றவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லு. அவளுடைய நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்காகக் கேட்காதே. முடிச்சுப் போட ஆள் வேண்டும் என்பதற்காகவும் கேட்காதே, அதற்கு யாரையாவது பிடித்துவிடலாம். கதவை ஒருச்சாய்த்து வைத்தவள் உனக்கு யார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கேட்கத் தோன்றினால் கேள். அவள் மாட்டேன் என்றால் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுக்காதே.

லோன் விஷயமும் அப்படித்தான். குழந்தை எப்போது என்பது நிவேதாவும் நீயும் பேச வேண்டியது, முதலில் நிவேதா சொல்ல வேண்டியது. அதில் மாமியார் வாய் வைக்க மாட்டேன். வேண்டாம் என்று இரண்டு பேரும் நினைத்தால் அதுவும் சரிதான். ஆனால் வேண்டும் என்கிற ஒன்றுக்கு ‘லோன் முடிஞ்சதும்’ என்று சொல்லும்போது ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள். வீட்டைக் கட்டு என்கிறோம், கடனைக் கட்டு என்கிறோம், தாலியைக் கட்டு என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. கடனைப் பத்து வருஷத்திலும் கட்டலாம், இருபது வருஷத்திலும் கட்டலாம், வங்கிக்காரர்கள் காத்திருப்பார்கள். அவர்களைப் போல் மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எட்டு வருஷத்தில் அடைக்க முடிந்தால் அடை. ஆனால் அந்த ஃப்ளாட்டின் பெரிய அறையில் நீங்கள் குடியிருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு டம்ளர் காப்பியால் தவணை தள்ளிப்போகாது.

மலையிலிருந்து இறங்கும்போது அலமேலு பஸ் வரைக்கும் வந்தாள். புடவையையும் பத்திரிகையையும் வாங்கிக்கொண்டாள், உறையை வாங்கவில்லை. அந்தச் சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத்த இன்னும் வச்சிக்கினு இருந்தீங்களா?” என்றாள். பஸ் புறப்படும்போது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பையன் அவளுக்குப் போன் பண்ணா, அவ வர்றாளோ இல்லியோ, நான் மூணு நாள் முன்னாடியே வந்துடுவேன். சமையலுக்கு ஆள் வேணுமில்ல?” என்றாள். நான் தலையாட்டினேன்.

முன்போர்ஷனை நேற்றே கழுவிவிட்டேன். வாங்கி ஐந்து வருஷமாகியும் விரிக்காத மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். நடுக்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்து வைத்திருக்கிறேன். நீ கேட்டு, அவர்கள் வந்தால், கூடத்திலும் அறைகளிலும் அவர்கள் படுத்துக்கொள்ளட்டும். நானும் உன் அப்பாவும் பின்னாடி படுத்துக்கொள்கிறோம். எங்களுக்குப் பழக்கம்தானே.

அம்மா